சேற்றுப்புண்

கால்விரல் இடுக்குகளில் ஈரம் தங்கித் தோல் ஊறி, வெளுத்து, வெடித்துப் புண்ணாகும் நோய். நாற்று நடவும் களை பறிக்கவும் நாள் முழுதும் வயல் சேற்றில் நிற்பவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் இப்பெயர். சேற்றையே மிதிக்காமல், நைலான் காலுறையும் மூடிய ஷூவுமாக அலுவலகம் போகிறவர்களையும் இது விடுவதில்லை. நான்காம், ஐந்தாம் விரல்களுக்கு இடையே காற்றுப் புகாது என்பதால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அரிப்பு, எரிச்சல், நாற்றம் ஆகியவை அறிகுறிகள்.

டிரைக்கோபைட்டான் வகைப் பூஞ்சைகளே முக்கியக் காரணம்; பாக்டீரியாவும் உடன் சேர்வதுண்டு. குளோட்ரிமசோல், டெர்பினாபின் களிம்புகள் பயன் தரும். ஆனால் அரிப்பு நின்றதுமே மருந்தை விட்டுவிட்டால் நோய் திரும்பும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இன்னும் மோசம்: அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். கிராமங்களில் மருதாணி அரைத்துப் பூசுவது பழைய கைவைத்தியம். கால் கழுவியதும் இடுக்குகளை ஒற்றி உலர்த்துவதே எளிய காப்பு. பாதத்தைத் துடைக்கும் பலர் இடுக்கை மறந்துவிடுகிறார்கள்.

யானைக்கால் நோயாளிகளுக்கு இது அற்பப் புண் அன்று. வெடிப்பு வழியே பாக்டீரியா புகுந்து காய்ச்சலும் வலியும் உண்டாகும். இப்படி அடிக்கடி நேர்ந்தால் வீக்கம் நிலைத்துப் பெருக்கும். எனவே தினமும் சோப்பால் கழுவி, விரலிடுக்கை உலர்த்துவது அவர்களுடைய சிகிச்சையிலேயே ஒரு பகுதி. கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர்களுக்கு வெடிப்பின் வலியே தெரியாது. அவர்கள் இடுக்குகளைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும்.