640 கேபி: பழைய பெட்டியை ஓட வைத்த கதை

போன மாதம் மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "அப்பா, இதுல மெனு திறக்கிறதுக்குள்ள நான் போய் தண்ணி குடிச்சிட்டு வந்துடலாம்." 2014-ல் நான் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த வருடம் வாங்கியது. இதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும் என்கிறது. புதிசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு கை துறுதுறுத்தது. இந்த வியாதி 1997-லிருந்தே உண்டு.

பாளையங்கோட்டையில் அப்பா தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். லோயர், ஹையர் பரீட்சைக்குப் பிள்ளைகள் வருவது குறைய ஆரம்பித்ததும், பழைய 486 கணினி ஒன்றைக் கடன் வாங்கி எடுத்துப் போட்டார். 4 எம்பி ராம், 170 எம்பி ஹார்ட் டிஸ்க், டாஸ் 6.22, அதன் மேல் விண்டோஸ் 3.1. தமிழ் எழுத்துரு போட்டு ஆய்வேடு அடித்துக் கொடுப்பார். பக்கத்துக்கு ஏழு ரூபாய். பெட்டி மெதுவாக ஓடினால் அன்றைய வரவு குறையும், அவ்வளவுதான் கணக்கு. பி.காம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதை வேகமாக்குவது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தக் காலத்து வேகக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே ஓர் எண். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசி-யை வெளியிட்டபோது அதில் இருந்தது இன்டெல் 8088 சில்லு. அதற்கு முகவரிக் கம்பிகள் 20. அதாவது 1 எம்பிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அந்த 1 எம்பியில் மேல் 384 கேபியைத் திரைக்கும் ரோமுக்கும் இதர சாமான்களுக்கும் ஒதுக்கிவிட்டு, நிரல்களுக்கு என்று 640 கேபியை விட்டார்கள். (640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.) பிறகு வந்த சில்லுகளுக்கு 1 எம்பியைத் தாண்டியும் கண் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் ஓட வேண்டுமே! அதனால் 4 எம்பி ராம் உள்ள பெட்டியிலும் டாஸ் நிரல்கள் அந்த 640-க்குள்ளேயே குடித்தனம் நடத்தின. மௌஸுக்கான டிரைவர், டாஸ், எல்லாமே அதற்குள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

1991 ஜூனில் வந்த டாஸ் 5 இதற்கு ஒரு வழி செய்தது. கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 என்று இரண்டு வரிகள், கூடவே 'டாஸ்=ஹை, யுஎம்பி' என்று ஒரு வரி. இதைச் சேர்த்தால் டாஸின் பெரும்பகுதி 1 எம்பிக்கு அந்தப்புறம் போய்விடும், சில டிரைவர்கள் அந்த 384 கேபியில் காலியாகக் கிடக்கும் சந்துகளில் ஏறிக்கொள்ளும். டாஸ் 6-ல் இதைத் தானே செய்ய மெம்மேக்கர் வந்தது. நான் அதை நம்பாமல் கையாலேயே வரிகளை மேலும் கீழும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைத்துப் போட்டு, எத்தனை கேபி மிச்சம் என்று நோட்டில் எழுதி வைப்பேன். வங்கியில் டே புக் டேலி ஆகும்போது வரும் சந்தோஷத்தை நான் முதலில் அனுபவித்தது அங்கேதான் :-)

அடுத்த பிரச்சினை இடம். டாஸ் 6 (1993) தன்னோடு டபுள்ஸ்பேஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. டிஸ்க்கில் உள்ளதைச் சுருக்கி எழுதி, 170 எம்பியைக் கிட்டத்தட்ட 340 போலக் காட்டும். ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் இது எங்கள் காப்புரிமை என்று வழக்குப் போட்டது. 1994 பிப்ரவரியில் ஜூரி ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மைக்ரோசாஃப்ட் அதை டாஸ் 6.21-ல் எடுத்துவிட்டு, 6.22-ல் டிரைவ்ஸ்பேஸ் என்று வேறு விதமாக எழுதித் திரும்பக் கொண்டுவந்தது. எங்கள் பெட்டியில் இருந்தது அதுதான். எனக்கு அப்போது இந்த வழக்கெல்லாம் தெரியாது. இடம் இரட்டிப்பாகும் என்றதும் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ஸ்மார்ட்டிரைவ் என்று ஒன்று உண்டு. டிஸ்க்கில் எழுத வேண்டியதை உடனே எழுதாமல் சில நொடிகள் ராமில் வைத்திருந்து பிறகு எழுதும். வேகம் கூடும். ஆனால் டாஸ் 6.0-ல் எழுதி முடிப்பதற்கு முன்பே திரையில் சி: வந்துவிடும், ஜனங்கள் வேலை முடிந்தது என்று நினைத்து சுவிட்சை அணைத்துவிட்டு விவரங்களை இழந்தார்கள். புகார்கள் வந்த பிறகு 6.2-லிருந்து, ஆட்டோஎக்செக்.பேட்டில் அந்த வரியின் கடைசியில் '/எக்ஸ்' என்று சேர்த்து, தாமதித்து எழுதுவதை நிறுத்தி வைத்தார்கள். அந்த '/எக்ஸ்'-ஐ எடுத்தால் பெட்டி பறக்கும் என்று யாரோ சொன்னார்கள். எடுத்தேன். உண்மையிலேயே பறந்தது.

1998 மார்ச்சில் ஒரு சாயங்காலம். 180 பக்க எம்.ஃபில் ஆய்வேடு ஒன்றை அப்பா முடிக்கும் கட்டம். கரண்ட் போனது. யுபிஎஸ் வாங்க வசதியில்லை. திரும்ப வந்தபோது டிரைவ் திறக்கவில்லை. சுருக்கிய டிஸ்க் என்பது உண்மையில் ஒரே ஒரு பெரிய மறைகோப்பு. அதன் கணக்கு ஏடு பாதி எழுதி நின்றால் உள்ளே இருக்கும் எல்லாமே தடம் புரளும். ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டினேன். ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசையாகத் துண்டுகளைக் கொடுத்தது. திறந்தால் ஒரு அத்தியாயத்தின் வால், இன்னொன்றின் தலை, நடுவில் கட்டம் கட்டமாகக் குப்பை. பிளாப்பியில் இருந்தவை போக 110 பக்கம் போய்விட்டது.

நான் செய்ததை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு '/எக்ஸ்' புரிந்திருக்க வாய்ப்பில்லை. "விடுலே. கையெழுத்துப் பிரதி இருக்குல்லா, நீ வாசி, நான் அடிக்கேன்" என்றார். ஒன்பது ராத்திரி. நான் வாசிக்க வாசிக்க அடித்தார். அந்த மாணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு பைசா கூடுதலாக வாங்கவும் இல்லை. பத்தாம் நாள் நான் டிரைவ்ஸ்பேஸைக் கழற்றிவிட்டு '/எக்ஸ்'-ஐத் திரும்பப் போட்டேன்.

ஆசைப்பட்டு ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1995-ல் சாஃப்ட்ராம் 95 என்ற மென்பொருள் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. ராமை இரட்டிப்பாக்கும் என்று விளம்பரம். பிரித்துப் பார்த்தவர்கள் அது ராமில் எதையும் சுருக்கவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 1996-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை விஷயம் போனது. வேடிக்கை என்னவென்றால், ராமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் அதே யோசனையை 2015-ல் விண்டோஸ் 10 நிஜமாகவே செய்தது. இருபது வருடம் முன்னாலேயே விற்ற சரக்கு!

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துக் குறிப்புகளில் பாதி உருப்படி, பாதி கட்டுக்கதை. டிஸ்க்குக்கு டிஎம்ஏ போடுவது உருப்படி. எக்ஸ்பி-யில் டிஸ்க் படிக்கும்போது ஆறு தடவை பிழை வந்தால் அது தானாகவே மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும், பலருடைய கணினி 'வயசாகி' மெதுவானதற்கு அதுவும் ஒரு காரணம். டீஃப்ராக் செய்வதும் உருப்படிதான்: 7200 சுற்று டிஸ்க்கில் வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாக 4 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், ஒரு கோப்பு நூறு துண்டாகக் கிடந்தால் நூறு தடவை காத்திருக்க வேண்டும். ஆனால் பிரீஃபெட்ச் ஃபோல்டரைத் துடைத்துவிடுங்கள் என்று நூறு பேர் எழுதினார்களே, அது தப்பு. எதை முதலில் படிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது; துடைத்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத்தான் கிளம்பும்.

அலங்காரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-த்தில் அப்பா விண்டோஸ் 98 போட்ட புதுப் பெட்டி வாங்கினார். கணினியை அணைக்கும்போது வரும் ஆரஞ்சு எழுத்துத் திரை லோகோஸ்.சிஸ் என்ற கோப்பு. பெயர்தான் அப்படி, உள்ளே 320க்கு 400 அளவில் 256 நிறப் படம், அவ்வளவுதான். பெயின்ட்டில் வரைந்து மாற்றிவிடலாம். என்ன எழுதட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னபடியே போட்டேன்: "சுவிட்சை அணைக்கவும். ஃபேனையும் அணைக்கவும்." நிலையத்தை மூடும்வரை அந்தத் திரைதான் இருந்தது.

மகளின் கணினிக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அதில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஊசியும் இல்லை, டீஃப்ராக்கும் தேவையில்லை. வேகத்தில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிட்டது. அவளுடைய கோப்புகளை இரண்டு பென்டிரைவில் எடுத்து வைத்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொட்டேன். லினக்ஸ் போடலாமா என்று இன்னும் அவளோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைசியில் பழைய ஞாபகத்தில் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து 'கன்ட்ரோல் பேனல் - டெஸ்க்டாப்' என்று போனேன். மெனுஷோடிலே அங்கேயேதான் இருந்தது. 400. அதாவது உள்மெனு திறக்குமுன் கணினி வேண்டுமென்றே 400 மில்லி செகண்ட் காத்திருக்கிறது. நான் எக்ஸ்பி-யில் பார்த்த அதே எண். 0 என்று மாற்றினேன். மகள் தோளுக்குப் பின்னால் நின்று, "இதைத் தொட்டா ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள்.