தோள் தாங்காத துப்பாக்கி

துப்பாக்கி வெடிக்கும்போது ஈய ரவைகள் முன்னே பாய்கின்றன. துப்பாக்கியோ பின்னே உதைக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என 1687-இல் நியூட்டன் வெளியிட்ட விதியை நாம் அறிவோம். ஆகவே, மனிதனின் தோள் தாங்கும் அளவே துப்பாக்கியின் பருமனுக்கு எல்லையாக நின்றது.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் நீர்ப்பறவை வேட்டையாடியோர் அவ்வெல்லையைக் கடந்தனர். ஏறத்தாழ ஓர் இராத்தல் ரவையை ஒருசேர உமிழும் பெருந்துப்பாக்கியைப் 'பண்ட்' எனும் தட்டைப் படகில் கிடத்திக் கயிற்றால் பிணைத்தனர். வேடர் குப்புறப் படுத்து, படகையே திருப்பிக் குறிபார்த்தார். வெடித்ததும் உதையைக் கயிறு வாங்கிப் படகுக்குத் தந்தது. படகு நீரில் பின்வாங்கியது. தோள் தப்பியது, பறவைகள் தப்பவில்லை. ஒரே வெடியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை மடிந்ததுண்டு. செசபீக் வாத்துகள் நகர உணவு விடுதிகளுக்கு விலையாயின.

பறவைக் கூட்டங்கள் அருகின. 1918-இல் அமெரிக்கச் சட்டம் வலசைப் பறவைகளை விற்பதைத் தடுத்தது. 1981-இல் பிரிட்டிஷ் சட்டம் 1¾ அங்குலத்திற்கு மேற்பட்ட வாயுடைய வேட்டைத் துப்பாக்கிகளால் காட்டுப் பறவைகளைச் சுடுவதை விலக்கியது.

எதிர்வினையைத் தன் தோளில் உணராதவனுக்கு வினையின் அளவு தெரிவதில்லை. அதனைச் சட்டமே உணர்த்த வேண்டியதாயிற்று.