பூதத்தைத் தேடப் போய்...

லாக் நெஸ் ஏரிப் பூதம் பற்றிக் கேள்விப்படாதவங்க இருக்க மாட்டீங்க. 1976-ல் அதைத் தேடி சோனார் கருவியோடு ஸ்காட்லாந்து போன அமெரிக்கக் குழுவுக்குப் பூதம் சிக்கலை, ஒரு விமானம் சிக்குச்சு! முதலில் கேட்டலைனா கடல்விமானம்னு நினைச்சாங்க. அப்புறம் கேமராவை இறக்கிப் பார்த்தா, மேல்துணி போன இடத்தில் கூடைப் பின்னல் மாதிரி உலோகச் சட்டங்கள். பார்ன்ஸ் வாலிஸ் கைவண்ணம், அதாவது வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். பக்கவாட்டில் 'ஆர்' என்ற எழுத்து வேறு. பதிவேடுகளைப் புரட்டி, இது என் 2980 என்று கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. எண் தெரிஞ்சதும் தகரக் குவியலுக்கு ஒரு வாழ்க்கை வந்துடுச்சு பாருங்க! 1939 டிசம்பர் 18 அன்று, பட்டப்பகலில், ஹெலிகோலாண்ட் பக்கம் ஜெர்மன் கப்பல்களைத் தாக்கப் போன 22 வெலிங்டன்களில் 12 காலி. தப்பித்து வந்தவற்றில் இதுவும் ஒன்று.

அப்படிப் பிழைத்தது, 1940 டிசம்பர் 31 அன்று சாதாரணப் பயிற்சியில், பனிப்பொழிவில் எஞ்சின் பழுதாகி விழுந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் குதித்தார்கள். பாராசூட் சிக்கி, வால்பக்கத் துப்பாக்கி வீரர் மட்டும் இறந்துபோனார். விமானிகள் இருவரும் ஏரியில் இறக்கிவிட்டு ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள்.

1985-ல் வெளியே தூக்கினாங்க. இப்போ இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில், தான் பிறந்த இடத்திலேயே நிற்குது. 11 ஆயிரத்துக்கும் மேல் செய்ததில் மிச்சம் இரண்டுதானாம். படத்தை எப்போ பார்த்தாலும் என் கண் முதல்ல போறது அந்த வால்பக்கக் கூண்டுக்குத்தான்.