எல்லோர்க்கும் திறந்த வாயில்

பயன் முடிந்த பழங்கட்டடத்தை இடிப்பதா, வேறு பயனுக்கு மாற்றுவதா என்னும் வினா தொன்மையான நகரங்கள் யாவற்றிலும் எழுவதே. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ, தன் பழைய மருத்துவமனையைக் குடியிருப்பாக்கி அதற்கு ஒரு விடை தந்தது.

அம்மருத்துவமனை 1729இல், ஏழை நோயாளருக்காக ஆறு படுக்கைகளுடன் ஒரு சிறு வீட்டில் தொடங்கியது. 1736இல் அரச சாசனம் பெற்று ராயல் இன்ஃபர்மரி ஆயிற்று. ஈராண்டு கழித்து, வில்லியம் ஆடமின் வரைவில் அதற்கொரு பெருமனை எழத் தொடங்கியது. கவிதை அன்பர்கள் மறக்கலாகாத மனை அது. எலும்பைப் பற்றிய காசநோயால் ஒரு காலை இழந்திருந்த கவிஞர் ஹென்லி, மற்றதையேனும் காத்துக்கொள்ள 1873இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரை நாடி வந்து, ஏறத்தாழ இருபது திங்கள் அங்கே படுத்திருந்தார். கால் பிழைத்தது, ‘இன்விக்டஸ்’ என்னும் கவிதையும் பிறந்தது. எழுத்தாளர் ஸ்டீவன்சன் அவரை முதன்முதல் கண்டதும் அம்மனையில்தான்.

ஹென்லி அங்கிருந்த நாள்களிலேயே, லாரிஸ்டன் பிளேஸ் என்னும் தெருவில் புதிய மனை எழுந்துகொண்டிருந்தது. 1870இல் அடிக்கல், 1879இல் திறப்பு விழா. அதனை வரைந்த டேவிட் பிரைஸ் 1876இலேயே மறைந்தமையால் நிறைவைக் காணவில்லை. புறத்தோற்றம் ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் சாயல்; உள்ளமைப்போ ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் கொள்கை. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பப்பட்ட காலம் அது. ஆதலின் மனை ஒரே பிண்டமாக அமையாமல் தனித்தனிச் சிறகுகளாக அமைந்தது. இடையிடையே திறந்த வெளி, நீண்ட கூடங்களின் இருபுறமும் எதிரெதிராக உயர்ந்த சாளரங்கள், சாளரங்களுக்கிடையே படுக்கைகள். வடக்கே தெருவை நோக்கி அறுவை மருத்துவப் பகுதி. தெற்கே மெடோஸ் என்னும் புல்வெளியை நோக்கிப் பொது மருத்துவப் பகுதி. காவற்கோபுரம்போல் தோன்றும் உருண்டைக் கோபுரங்கள் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் இடம் தந்தன.

காற்றுக் கொள்கை இவ்வாறு கல்லில் வடிவெடுத்த அதே ஆண்டுகளில், அதே நகரில், புண்ணைச் சீழாக்குவது நுண்ணுயிரே என்று கொண்டு கார்பாலிக் அமிலத்தால் அதனை வென்றுகொண்டிருந்தார் லிஸ்டர். கொள்கை காலாவதியாயிற்று, சாளரங்கள் நிலைத்தன.

2003இல் மருத்துவமனை நகரின் தென்கிழக்குப் புறத்துக்குப் பெயர்ந்தது. நார்மன் ஃபாஸ்டர் நிறுவனத்தின் திட்டப்படி அவ்வளாகம் குவார்ட்டர்மைல் என்னும் புதுப்பெயர் பூண்டது. சில கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. தெற்குச் சிறகுகள் வீடுகளாயின. இம்மாற்றத்தின் பொருளை ஒரு தடுப்புச்சுவரே சொல்லிவிடும். செவிலி ஓரிடத்தில் நின்று அத்தனை நோயாளரையும் காண வேண்டும் என்பதற்காகவே அன்று கூடம் தடுப்பின்றி நீண்டது. பிறர் காணாமல் வாழவே மனிதன் வீடு கட்டுகிறான். ஆகவே கூடத்தைத் துண்டாக்காமல் அதனை வீடாக்க இயலாது. ஏழை நோயாளருக்கு மருந்தாக வகுக்கப்பட்ட வெயிலும் காற்றும் புல்வெளிக் காட்சியும், இன்று வசதி படைத்தோர் விலை கொடுத்துப் பெறும் நலன்கள்.

இடித்தலினும் இது நன்றே. எனினும் அம்மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம் நெஞ்சை உறுத்துகிறது. ‘எல்லோர்க்கும் திறந்தது’ என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். அதுவும் முழுமெய்யாக இருந்ததில்லை. அடிக்கல் நாட்டிய காலத்திலேதான், சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான மருத்துவ மாணவியர்க்கு நோயாளர் கூடங்களில் பயிலும் உரிமை மறுக்கப்பட்டது. ஆயினும் பொய்த்தபோது சுட்டிக்காட்ட அங்கொரு வாசகம் இருந்தது. விற்கப்பட்ட வீட்டின் கதவைப் பார்த்து அவ்வாறு கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

வடக்கிலுள்ள அறுவை மருத்துவப் பகுதி நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்து, எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் கையால் புதுப்பிக்கப்பெற்று 2024இல் கல்விக்கூடமாகத் திறந்தது. அவ்வாசகம் பொறித்த வாயில் அதற்கே உரியதாயிற்று.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக்குச் சொந்தக் கட்டடம் என்றேனும் அமையலாம். அதன் வாயிலில் என்ன எழுதுவோம் என்பதையும், எழுதியபின் யாரையெல்லாம் உள்ளே விடுவோம் என்பதையும் இப்பொழுதே எண்ணிவைத்தல் நன்று.