வேற்றூர் மைதானமும் கோல்ஃப் ஆட்டமும்

வேற்றூர் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடப் போகும் அணி முதலில் கேட்கும் கேள்வி, "இங்க என்ன ரூல்ஸ்?" என்பதுதான். முள்ளுக்குள் பந்து போனால் அவுட்டா, கரை மேல் ஏறினால் ஃபோரா என்பதை உள்ளூர்ப் பையன்கள்தான் சொல்ல வேண்டும். பணக்கார விளையாட்டான கோல்ஃபிலும் இதே கதைதான்!

டென்னிஸுக்கு உலகம் முழுக்க ஒரே அளவு கோர்ட். கோல்ஃபுக்கு அப்படி இல்லை. 18 குழி என்ற கணக்கே 1764-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22-ஐக் குறைத்ததால் வந்தது. மற்றபடி மேடு, பள்ளம், மரம், குளம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

வேலைக்காக நாடு விட்டு நாடு வந்த ஆங்கிலேயர்கள் இந்த ஆட்டத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். கல்கத்தாவில் 1829-லும், கொழும்பில் 1879-லும், நுவரெலியாவில் 1889-லும், கொடைக்கானலில் 1895-லும் கிளப்புகள் தோன்றின. கொழும்பு மைதானத்தின் ஊடே ரயில் பாதை போகிறது. கொடைக்கானலில் காட்டெருமைகள் மேய வருகின்றன.

அன்று கோடை வந்தால் சென்னை அரசு நிர்வாகமே ஊட்டிக்கு இடம்பெயரும். கோல்ஃப் ஆடும் அதிகாரிகளுக்கு அங்கே எல்லாமே புதிது. தண்ணீர் குறைந்த சமவெளி மைதானங்கள் பலவற்றில் குழியைச் சுற்றிப் புல் இருக்காது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பியிருப்பார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். மலையில் இருப்பதோ பச்சைப் புல். போதாததற்கு, ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் பறக்கும்.

அப்படியானால் புதிதாக வந்தவருக்கு யார் துணை? பையைச் சுமக்கும் கேடிதான். எந்தச் சரிவில் பந்து எப்படித் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். மைதானத்தை முழுதாக அறிந்தவர் கூலிக்குச் சுமந்தார், அறியாதவர் ஆடினார். இதுதான் இந்த விளையாட்டின் பெரிய முரண்.

அந்த முரண் ஒருநாள் உடைந்தது. 1964-ல் தொடங்கிய இந்தியன் ஓபன் போட்டியின் முதல் பட்டத்தை வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். அடுத்த ஆண்டு பி.ஜி.சேத்தி வென்றாலும், அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. 1991-ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் அதே பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், அதே கிளப்பில் கேடியாக இருந்தவர்! வெளிநாட்டு வீரர்களுக்கு வேற்றூராக இருந்த மண் அவருக்குச் சொந்த வீடு. கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி.சவுராசியா, 2008-ல் டெல்லிக்கு வந்து இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

விருந்தாளிக்கும் நியாயம் வேண்டுமே? அதற்குத்தான் 'ஹேண்டிகேப்' என்ற சலுகைக் கணக்கு. முன்பு உலகில் ஆறு விதக் கணக்குகள் இருந்தன. 2020-ல் அவை ஒன்றாயின. ஒவ்வொரு மைதானத்துக்கும் 55 முதல் 155 வரை 'ஸ்லோப்' எண் உண்டு. நடுத்தரம் 113. ஒருவரின் எண் 18 என்று வைப்போம். ஸ்லோப் 126 உள்ள கடினமான மைதானத்துக்கு அவர் போனால் 18-ஐ 126-ஆல் பெருக்கி 113-ஆல் வகுக்க, சுமார் 20 வரும். அதாவது இரண்டு அடி கூடுதல் சலுகை. (மைதான மதிப்பீட்டுக்கும் 'பார்' எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.)

இனி மண்ணின் கணக்கு. சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு உள்ளேயே இருந்தது. 2024 செப்டம்பரில் அந்தப் பந்தய நிலத்தின் குத்தகையை ரத்து செய்து தமிழக அரசு அதைக் கையகப்படுத்தியது. நெரிசலான நகரத்தில் அவ்வளவு நிலம் சிலருக்கு மட்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் புல்லை வளர்த்தவர்களும் பை சுமந்தவர்களும் அங்கே உறுப்பினர்கள் அல்ல. ஒரு மைதானம் மூடப்படும்போது அவர்களுடைய அறிவுக்கு ஹேண்டிகேப் கணக்கு போடுபவர் யார்?