ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை

மாதவிடாய் முற்றும் நிற்கும் பருவத்தில், சூலகங்களின் சுரப்புக் குன்றிப்போவதால் ஸ்திரீகளுக்கு உண்டாகும் உபாதைகளை, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை மருந்தாகச் செலுத்தித் தணிக்கும் வைத்திய முறை இது.

உபாதைகள்: ஈஸ்ட்ரோஜன் குறையவே, மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சரீர உஷ்ணத்தின் அற்ப ஏற்றத்தையும் பொறாமல் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்க, மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறி, உடல் வியர்வையில் தெப்பமாக நனைந்து, சில நிமிஷங்களில் குளிர் நடுக்கத்தோடு அடங்குகிறது. இரவில் இதுவே நித்திரையைக் கெடுக்கிறது. யோனி வறட்சியும், எலும்புகள் பலங்குன்றுதலும் இக்குறைவின் விளைவுகளே.

வரலாறு: 1929-இல் ஜெர்மனியில் பூட்டெனாண்ட் என்ற விஞ்ஞானியும் அமெரிக்காவில் டாய்சி என்ற விஞ்ஞானியும் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து தயாரித்த பிரிமரின் என்னும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-இல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொள்வோருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் மிகுவதை 1975-இல் வெளியான ஆய்வுகள் புலப்படுத்தியதால், கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் என்னும் துணை ஹார்மோனையும் சேர்த்துக் கொடுப்பது நியமமாயிற்று.

பேராய்வு: இவ்விரு ஹார்மோன்களையும் சேர்த்து 16,608 ஸ்திரீகளிடம் சோதித்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் பேராய்வின் ஒரு பகுதி, 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்ணாதோரைவிட, மருந்துண்டோருள் பதினாயிரத்துக்கு ஆண்டுக்கு 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 8 பேருக்குப் பக்கவாதமும் அதிகமாகவும், 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவாகவும் காணப்பட்டன. இதனால் எழுந்த பீதியில் பலர் மருந்தைக் கைவிட்டனர். எனினும் ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்கு உட்பட்டு, மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்கும் ஆரோக்கியமான ஸ்திரீகளுக்குப் பொதுவாக அபாயத்தினும் நன்மையே மிகுதி என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயின.

பிரயோகம்: மாத்திரையாக உட்கொள்வதன்றி, அடிவயிற்றின் தோலில் ஒட்டி வாரம் இருமுறை மாற்றும் பட்டையாகவும், களிம்பாகவும் ஈஸ்ட்ரோஜன் தரப்படுகிறது. தோல்வழிச் செல்வது கல்லீரலை முதலில் எட்டாததால் இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. வறட்சி மட்டுமே உள்ளோருக்கு யோனியில் இடும் சிற்றளவு மருந்து போதும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு ஆளானோருக்கும், காரணம் புலப்படாத உதிரப்போக்கு உடையோருக்கும், கடுமையான கல்லீரல் வியாதியுடையோருக்கும் இச்சிகிச்சை பொதுவாக விலக்கு. ஏனையோர், இவ்வுபாதைகளைப் பிறவியின் விதியென்று மௌனமாகச் சுமக்காமலும், பழைய பீதியால் மருந்தை மறுக்காமலும், தம் வயதையும் நோய்வரலாற்றையும் வைத்தியரிடம் விரித்துரைத்து முடிவு செய்வதும், ஆண்டுதோறும் அம்முடிவை மறுபரிசீலனை செய்வதும் உசிதமாகும்.