சம்பள மேசையும் கடைப் பற்றும்

வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் நம் சமூகத்தின் வரலாற்றைச் சொல்லும்போது பள்ளிவாசலையும் மதரஸாவையும் கடைத்தெருவையும் நினைவுகூர்கிறோம். கூடவே கடன் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் தொடங்கி ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் வரை, தோட்டத்தில் உழைத்தவர்களும் நம்மில் உண்டு. உழைத்தவர்களுக்கு அரிசியும் துணியும் கடனாகக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. சம்பளப் பிடித்தத்தின் கதையில் நாம் இரு பக்கமும் நின்றவர்கள்.

முதல் தலைமுறைக்குக் கடன் கப்பலிலேயே தொடங்கிவிட்டது. ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பயணச் செலவு அவர் பெயரில் பற்று எழுதப்பட்டு, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் தண்டனை. 1907இல் முதலாளிகளின் வரிப்பணத்தில் குடியேற்ற நிதி அமைந்தபின் பயணச்சீட்டு இலவசமாயிற்று. 1910இல் இந்திய ஒப்பந்த ஆளெடுப்பும் நிறுத்தப்பட்டது.

ஆனாலும் கடன் போய்விடவில்லை. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டம் வரை கூடவே வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த வழக்கம் இன்னும் கடுமை. தொழிலாளியின் கடனை அடைத்தால் அவரை அனுப்புவதாகக் கூறும் 'துண்டு' என்ற சீட்டு, ஆளையே கைமாற்றியது. அங்கே 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

இங்கே அன்றாடத் தேவைக்குக் கடையே துணை. மாதம் முழுக்கப் பற்று, சம்பள நாளில் வரவு. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலி. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40, 32 காசாகக் குறைந்தது. கூலி குறைந்தாலும் பழைய பற்று குறையாது. கொடுத்தவருக்கும் மொத்த வியாபாரியிடம் கடன் இருந்தது. வாங்கியவர் கலங்கினார், கொடுத்தவரும் கலங்கினார்.

இந்த நிலையில், சம்பளம் முதலில் யார் கைக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தெளிவான பதில் தந்தது. சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது. கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது. கடை ஊழியருக்கு மட்டுமே விலக்கு. ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாத முன்பணத்துக்கு முதலாளி வட்டி வாங்கக் கூடாது. இன்றுள்ள விதிப்படி, மூன்றாம் ஆளுக்குச் சேர வேண்டியதைப் பிடிக்கத் தொழிலாளியின் எழுத்துபூர்வமான வேண்டுகோளும் தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் தேவை. சில விலக்குகள் தவிர, மொத்தப் பிடித்தம் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

அதாவது, கடைக்காரர் சொன்னார் என்பதற்காகக் கிராணி சம்பளத்தில் கைவைக்க முடியாது. பணம் உழைத்தவர் கைக்கு வந்த பிறகே கடை வாசலுக்கு வரும். கடைக்காரர் கையில் இருந்தது 555 புத்தகமும் நம்பிக்கையும்தான். முகம் பார்த்துக் கடன் கொடுத்தார்கள், முகம் பார்த்துத் திருப்பினார்கள். சில கணக்குகள் தீராமலே போயின.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் இறைவசனம் அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவது. அதற்கு இரண்டு வசனம் முன்பே, கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி 280ஆவது வசனம் சொல்கிறது. புத்தகத்தில் எழுதியதோடு அவகாசமும் கொடுத்த பெரியவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் வங்கிக் கடனும் கூட்டுறவுக் கடனும் வரிசையாக நிற்கின்றன. கையெழுத்துப் போடுமுன் அந்த வரிசையைக் கூட்டிப் பார்க்கட்டும். சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதற்கு முன்னோர் கொடுத்த விலை பெரிது.